துருசுத் திறப்பு யார் கையில்?

குளக்கட்டிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிந்து நதியைப் பற்றி இரண்டு பந்தி எழுதியது என் பிழை. இந்த முறை வந்த கடிதங்களில் நெற்பயிர், கபில நிறத் தத்தி, மானிய உரம் ஒன்றுமே இல்லை. எல்லாரும் ஆற்றைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். கையெழுத்து விளங்கியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டபடியால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

"ஐயா, நாங்கள் இருப்பது தீவு. எந்த நாட்டோடும் ஆறு பங்கிடவில்லை. ஆவணியில் கிணறு வற்றிப்போகிற எனக்கு சிந்து, கங்கைக் கதை எதற்கு?" – முழங்காவில்

நியாயமான கேள்வி. இலங்கையின் ஆறுகள் எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே கடலில் விழுகின்றன. எங்கட கனகராயன் ஆறும் வவுனியாப் பக்கத்துக் காட்டில் தொடங்கி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சம் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகிறது. வழியில் கடவுச்சீட்டு யாரும் கேட்பதில்லை.

ஆனால் நான் முப்பத்திரண்டு வருடம் செய்த வேலை என்ன? குளத்து மதகான துருசைத் திறப்பது, பூட்டுவது, விடிய ஆறு மணிக்கு அளவுப் பலகையைப் பார்த்து எத்தனை அடி என்று கொப்பியில் எழுதுவது. சம்பளம் பெரிதில்லை. ஆனால் கோடைப் பயிர்க் காலமான சிறுபோகம் வந்தால் அந்தத் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டால் நடக்கும்போது, என்னைவிட இரண்டு மடங்கு வயதான கமக்காரர்கூட சைக்கிளை விட்டு இறங்கி "தம்பி, சாப்பிட்டாச்சோ" என்று கேட்பார். என்னில் பாசம் என்று முதல் வருடம் நினைத்தேன். கடைசித் தண்ணி விட்டு முடிந்த பிறகு அதே ஆள் இறங்காமல் போனபோது விளங்கிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு பேரனின் கைத்தொலைபேசியில் கங்கையின் பராக்கா அணையையும் நைலின் அஸ்வான் அணையையும் பற்றி வாசித்தபோது எனக்கு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. இரவில் மேல் வாய்க்காலில் மண்மூட்டை போட்டு மறிக்கிறவன், விடிய, வாய்க்கால் தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் முறையிடப் போகிற கடைசி வாய்க்கால்காரன், கூட்டத்தில் பின்வாங்கில் இருந்து ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைக்காமலே எழும்பிப் போகிற பெரிய மனுசன், எல்லாரும் அங்கேயும் இருக்கிறார்கள். கொடி மட்டும் வேறு.

"இந்தியா சிந்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தபடியால் பாகிஸ்தானுக்குத் தண்ணி நின்றுவிட்டதா? எங்கட வகுப்பில் இதில் பெரிய சண்டை." – உயர்தர மாணவி, கிளிநொச்சி

பிள்ளை, நிற்கவில்லை. இலேசில் நிறுத்தவும் ஏலாது.

1960 செப்டெம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் வைத்த கையெழுத்து அது. உலக வங்கி நடுவில் நின்று தானும் கையெழுத்துப் போட்டது. ஆறு ஆற்றை ஆளுக்கு மூன்றாகப் பிரித்தார்கள். கிழக்குப் பக்கத்து ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. மேற்குப் பக்கத்துச் சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. எண்ணிக்கையில் மூன்றுக்கு மூன்று. தண்ணியில் அப்படி இல்லை: மேற்கு மூன்றிலும் வருடத்துக்கு 13.5 கோடி ஏக்கர் அடியளவில், கிழக்கு மூன்றிலும் 3.3 கோடி. (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணி ஒரு ஏக்கர் அடி.) அந்த மேற்கு ஆறுகளில் இந்தியா தேக்கி வைக்கலாம் என்று விடப்பட்டது வெறும் 36 இலட்சம் ஏக்கர் அடி. எங்கட இரணைமடு முட்ட நிறைந்தால் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய முப்பது இரணைமடு என்று வையுங்கள். அந்த அளவையே இந்தியா இன்னும் கட்டி முடிக்கவில்லை. மறித்த தண்ணியை வைக்க இடம் இல்லாதவன் துருசைப் பூட்டி என்ன செய்வது? வான் பாயும், இல்லாவிட்டால் கட்டு உடையும்.

பிறகு ஏன் அவர்கள் பதறுகிறார்கள் என்று கேட்பீர்கள். 1948 ஏப்ரல் 1 ஐப் பாருங்கள். பிரிவினை நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கோடு கிழித்தவர்கள் வாய்க்காலைப் பாகிஸ்தான் பக்கமும் தலைக்கதவை இந்தியப் பக்கமும் விட்டுவிட்டார்கள். அன்று கிழக்குப் பஞ்சாப் கதவைப் பூட்டியது. மே 4 இல் டெல்லியில் உடன்பாடு எழுதும்வரை இழுபறி. அது எந்த மாதம் என்று கவனியுங்கள். விதைப்புக்கு நிலம் பண்படுத்துகிற காலம். அதே கதவை அடைமழைக்குள் ஒரு மாதம் பூட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2025 ஏப்ரல் 22 பகல்காமில் சுற்றுலாப் போனவர்களைச் சுட்டார்கள். 26 பேர் செத்தார்கள். மறுநாள் இந்தியா ஒப்பந்தத்தை இடைநிறுத்தியது. 1965, 1971, 1999 சண்டைகளில்கூட நடக்காத காரியம். உடனே நின்றது தண்ணியல்ல, கொப்பி. அந்த ஒப்பந்தப்படி இரண்டு நாடும் தங்கள் ஆறுகளின் நாளாந்த நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் மாதாமாதம் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். இரண்டு ஆணையாளரும் வருடத்துக்கு ஒருமுறையாவது சந்திக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே குளம் கழுவுகிறார்களா, நிரப்புகிறார்களா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. கழுவினால் சேற்றுத் தண்ணி திரண்டு வரும். கழுவி முடித்துக் கதவை மூடி நிரப்பினால் ஆறு மெலியும். அந்த மே மாதத்திலேயே செனாப்பில் பாக்லிகார், சலால் அணைகள் இரண்டையும் கழுவியதாகச் செய்தி வந்தது.

உங்கட வகுப்புச் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி சரி. ஆற்றை நிறுத்த முடியாது. ஆனால் ஆற்றின் நேரத்தைக் குழப்ப முடியும். அதற்குப் பெரிய குளம் தேவையில்லை.

"மேலே இருக்கிறவன் கைதானே எப்பவும் ஓங்கும் அண்ணை? இதில் படிக்க என்ன இருக்கு?" – ஒட்டுசுட்டான்

இல்லைத் தம்பி. நைல் நதியில் எகிப்து கடைசி வாய்க்கால்காரன். அதற்குக் கீழே கடல்தான். அஸ்வானுக்கு வருகிற தண்ணியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எத்தியோப்பிய மலையில் பெய்த மழை. அப்படியிருக்க, 1959 இல் எகிப்தும் சூடானும் மட்டும் மேசையில் இருந்து பங்கு போட்டன. மொத்தம் 84 பில்லியன் கன மீற்றர், எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5, மிச்சம் 10 வெயிலில் ஆவியாகப் போகும் என்று ஒதுக்கினார்கள். சூரியனுக்குப் பங்கு இருந்தது, எத்தியோப்பியாவுக்கு இல்லை. அரை நூற்றாண்டு அந்தக் கடதாசி நின்றது. எகிப்திடம் படை இருந்தது, உலகத்தில் கேட்கிற குரல் இருந்தது. எத்தியோப்பியாவிடம் மழை மட்டும் இருந்தது.

2011 ஏப்ரலில் எத்தியோப்பியா நீல நைலில் பேரணை தொடங்கியது. சர்வதேச வங்கிகள் கிட்ட வரவில்லை. சொந்தச் சனத்திடம் கடன் பத்திரம் விற்றும், அரச ஊழியர் சம்பளத்தில் எடுத்தும் கட்டினார்கள். 2025 செப்டெம்பர் 9 திறந்தாயிற்று. 74 பில்லியன் கன மீற்றர் கொள்ளும். அதாவது 1959 இல் எகிப்து எழுதிக்கொண்ட ஒரு வருடப் பங்கைவிடக் கூட. கெய்ரோ இன்றைக்கும் கேட்பது பெரிய கேள்வி இல்லை: தொடர்ந்து மழை பொய்த்த வருடங்களில் எவ்வளவு விடுவாய், எழுதித் தா. அடிஸ் அபாபா எழுதித் தரமாட்டேன் என்கிறது. நல்ல வருடத்தில் யாருக்கும் ஒப்பந்தம் தேவைப்படுவதில்லையே.

மேலே இருந்து கையோங்கியவன் கதையும் இருக்கிறது. துருக்கி 1987 இல் சிரியாவுக்கு யூப்ரடீசில் வினாடிக்கு 500 கன மீற்றர், வருடச் சராசரியில், விடுவதாக ஒப்புக்கொண்டது. 1990 ஜனவரியில் அதாதுர்க் அணையை நிரப்ப ஒரு மாதம் ஆற்றை மறித்தது. முன்கூட்டி அறிவித்தது, அதற்கு முந்திய கிழமைகளில் கூடத் தண்ணியும் விட்டது. சராசரி பார்த்தால் குற்றமே இல்லை. ஒரு மாதம் பட்டினி போட்டுவிட்டுக் கடைசி நாளில் தொண்ணூறு சாப்பாட்டை முன்னால் வைத்தாலும் சராசரி சரிதான்.

"கங்கையைப் பாதிக்குப் பாதி என்றுதானே இந்தியாவும் வங்கதேசமும் எழுதின. பிறகும் ஏன் முறைப்பாடு?" – ஆசிரியை, புதுக்குடியிருப்பு

டீச்சர், எனக்குப் பிடித்த ஒப்பந்தம் இது. பிடித்தது என்றால் நல்லது என்று சொல்லவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவனாவது வாய்க்கால் கட்டில் நின்றவன் என்று எனக்குத் தோன்றும்.

பராக்கா அணை வங்கதேச எல்லைக்கு 18 கிலோமீற்றர் அளவில் மேலே. 1975 இல் ஓடத் தொடங்கியது. கட்டியது வயலுக்காக அல்ல. கல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் படிகிறது. 38 கிலோமீற்றர் கால்வாய் வெட்டி வினாடிக்கு 40,000 கன அடியைக் கூக்ளியில் விட்டால் வண்டலை அடித்துக்கொண்டு போகும் என்பது கணக்கு. கீழே என்ன நடந்தது? கோடையில் கோராய் ஆறு வற்றியது, குல்னாப் பக்கம் உப்பு ஏறியது. 1976 மே மாதம் மௌலானா பாசானி என்ற வங்கதேசத் தலைவர், தொண்ணூறைத் தாண்டிய கிழவர், ராஜ்சாகியிலிருந்து பராக்காவை நோக்கிச் சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தார். 1977 இல் ஐந்து வருட உடன்பாடு. பிறகு தற்காலிகக் குறிப்புகள். 1988 க்குப் பிறகு எட்டு வருடம் ஒன்றுமே இல்லை. 1996 டிசெம்பர் 12 தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் 30 வருடத்துக்கு எழுதினார்கள். 2026 டிசெம்பரில் அதன் காலம் முடிகிறது.

ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகக் கணக்கு. பராக்காவில் 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவு என்றால் பாதிப் பாதி. 70,000 க்கும் 75,000 க்கும் இடையில் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேலே போனால் இந்தியா 40,000 எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட வேண்டும். இதோடு நின்றிருந்தால் சாதாரணக் கடதாசி. மார்ச் 11 இலிருந்து மே 10 வரை ஆறு கொடிய கோடையில் இருக்கும்போது என்ன செய்வது? ஒரு பத்து நாள் வங்கதேசத்துக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் இந்தியாவுக்கு 35,000 உறுதி, மாறி மாறி. இது எங்கட முறைத் தண்ணியேதான்! இரண்டு வாய்க்காலுக்கும் சேர்த்து விட்டால் இரண்டிலும் கடைசி வயலுக்குப் போகாது. ஒன்றைப் பூட்டி ஒன்றை நிறைய விட்டால்தான் தண்ணி தலை எடுத்து ஓடும். என் கையால் ஆயிரம் தடவை செய்த காரியத்தை இரண்டு பிரதம மந்திரிகள் கையெழுத்துப் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ கறிக்குத் தாளிதம் போட்டுக்கொண்டிருந்தா, பெரிதாக எடுக்கவில்லை.

இப்போது முறைப்பாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முறை வருகிற ஏப்ரல் 11 முதல் 20 வரை வங்கதேசத்துக்கு மிஞ்சுவது, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு அட்டவணைப்படியே, 27,633 கன அடி. அந்த அட்டவணையும் 1949 முதல் 1988 வரையான சராசரியில் போட்டது. அதற்குப் பிறகு பராக்காவுக்கு மேலே உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எத்தனை பம்பு, எத்தனை வாய்க்கால்! நான் 1980 இல் எழுதிய நீர்மட்டத்தைக் காட்டி இந்த வருடச் சிறுபோகத்துக்கு ஏக்கர் பங்கிட்டால் கூட்டத்தில் கதிரையால் அடிப்பார்கள். 50,000 க்குக் கீழே இறங்கினால்? இரண்டு அரசும் உடனே கூடிக் கதைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைக்கிறதுக்குத்தான் உத்தரவாதம்.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். பராக்காவிலும் வங்கதேசத்து ஹார்டிஞ் பாலத்திலும் இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து நின்று அளக்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவான தீஸ்தா ஆற்றுக்கு ஒப்பந்தமே இல்லை. 2011 இல் கையெழுத்துக்கு எல்லாம் தயார், மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி மறுத்தார், டெல்லி பின்வாங்கியது. நாடு ஒப்புக்கொண்டாலும் நடு வாய்க்கால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

"காவிரிக்கு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே. நாடுகளுக்கு அப்படி ஒரு கோடு இல்லையா?" – ஓட்டோ சாரதி, மாங்குளம்

காவிரி ஒரு நாட்டுக்குள் ஓடுகிற ஆறு. 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று சொன்னது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இரண்டு மாநிலத்துக்கும் மேலே ஒரு கதிரை இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படிக் கதிரை இல்லை. ஐ.நா. 1997 இல் ஒரு சமவாயம் கொண்டுவந்தது: நியாயமாகப் பயன்படுத்து, அடுத்தவனுக்குப் பெரிய கேடு செய்யாதே, மேலே ஏதும் கட்டமுன் அறிவி. 103 நாடு ஆதரவு. எதிர்த்தது மூன்றே மூன்று: சீனா, துருக்கி, புருண்டி. மூன்றும் மேல் வாய்க்கால்காரர். இந்தியாவும் பாகிஸ்தானும் வாக்களிக்காமல் இருந்தன. அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வரவே 2014 ஆகிவிட்டது.

"இந்தியாவை நீங்கள் மேல் வாய்க்கால் என்கிறீர்களா, கீழ் வாய்க்கால் என்கிறீர்களா? ஒரு பக்கம் நில்லுங்கள்." – வவுனியா

எந்தத் திசையில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பராக்காவிலும் செனாப்பிலும் மேலே. பிரம்மபுத்திராவில் கீழே. 2017 இல் டோக்லாம் எல்லைப் பக்கத்தில் இந்தியப் படையும் சீனப் படையும் முறைத்துக்கொண்டு நின்ற வருடம், சீனாவிடமிருந்து பிரம்மபுத்திராவின் வெள்ளத் தரவு இந்தியாவுக்கு வரவில்லை. அப்போது டெல்லி குறைப்பட்டது. 2025 ஜூலையில் சீனா அந்த ஆற்றின் திபெத்து வளைவில் மாபெரும் மின்னணை வேலையைத் தொடங்கியது. அசாம்காரர் இன்று பேசுகிற பயத்தை நீங்கள் லாகூரில் கேட்டாலும் வித்தியாசம் தெரியாது. நடு வாய்க்கால்காரனுக்கு இரண்டு வாய். நான் கண்டிருக்கிறேன், ஒரே ஆள் காலையில் மேலே இருப்பவனைத் திட்டி மனுக் கொடுத்துவிட்டு இரவில் தன் கீழ் வரம்பை அடைப்பார்.

"எங்கட அருவி ஆறு அநுராதபுரத்தால் வருகிறது. மேலே அணை கட்டினால் கட்டுக்கரைக்குளத்தின் கதி?" – முருங்கன்

மேலே மல்வத்து ஓயா, கீழே அருவி ஆறு. பாதி வழியில் பெயரே மாறுகிற ஆறு. 164 கிலோமீற்றர். தேக்கம் அணையில் திருப்பித்தான் கட்டுக்கரை நிறைகிறது. தந்திரிமலைப் பக்கத்து அணைத் திட்டம் பலகாலக் கதை. மாரி வெள்ளத்தைப் பிடித்துக் கோடையில் விட்டால் உங்களுக்கு நல்லது. பிடித்ததை மேலே புதுக் காணிக்குப் பாய்ச்சினால் நட்டம். ஆகவே அணை வேண்டும், வேண்டாம் என்று கத்துவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள் அண்ணை: கோடையில் எந்தத் தேதி எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் முருங்கன் கமக்காரருக்குக் கதிரை உண்டா?

"ஊருக்கு உபதேசம். இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று நின்றவர்களில் நீங்களும் ஒருவர் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?" – தென்மராட்சி

உண்மை. மனுவில் கையெழுத்து வைத்தவன்.

தெரியாதவர்களுக்கு: போர் முடிந்த பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு ஒரு திட்டம் வந்தது. இரணைமடுக் கட்டை உயர்த்தி, கூடச் சேர்கிற தண்ணியைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோவது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைதான் கிணறு. கூட இறைத்தால் உப்பு. என் தங்கச்சி வேலணையில் வாழ்க்கைப்பட்டவ. நல்ல தண்ணிக்கு அவ குடத்தோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்தும் வைத்தேன்.

நாங்கள் சொன்ன காரணம், சிறுபோகத்துக்கே தண்ணி காணாது, மொத்தக் காணியில் ஒரு பங்குதான் விதைக்கிறோம் என்பது. அது பொய்யில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் இருந்து கதைக்கும்போது வெளிவந்த காரணம் வேறு. மழை பொய்த்த வருடத்தில் குழாய்க்கதவை யார் பூட்டுவது? நாங்களா, கொழும்பிலிருக்கிற ஒருவரா? தண்ணி எத்தனை அடிக்குக் கீழே இறங்கினால் குழாய் நிற்கும், எத்தனை அடிக்குக் கீழே வயல் நிற்கும், இதை யார் எழுதுவது? கூட்டத்தில் கேட்டோம். மறுமொழியாகப் படம் போட்டுக் காட்டினார்கள். வர்ணம் வடிவாக இருந்தது.

பிறகு நைலைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு முகம் சுருங்கியது. நூறு வருடமாக எங்கட தண்ணி, பழைய உரிமை, ஒரு துளி குறையக் கூடாது. இது எகிப்தின் வசனம். நாங்கள் மேலே இருந்துகொண்டு எகிப்து மாதிரிக் கதைத்திருக்கிறோம்! குடிநீரை வயலுக்குப் பின்னால் நிறுத்திய எங்கட நியாயத்தை இன்றைக்கு என்னால் அப்படியே தூக்கிப் பிடிக்க முடியவில்லை. திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்ட கேள்வியை மட்டும் இன்னும் விடமாட்டேன்.

கடைசியில் குழாய் வரவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை கட்டினார்கள். 2024 இல் திறந்தது. அன்றைக்குத் தங்கச்சி தொலைபேசியில் சொன்னது: "அண்ணன்ர குளம் தராட்டில் என்ன, கடல் தரும்." நான் அவவோடு அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டா.

"நல்லபடியாகப் பங்கிட்ட நாடுகளே இல்லையா?" – விசுவமடு

இருக்கிறது. மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் 1972 இல் செனகல் ஆற்றுக்கு ஒரு பொது அமைப்பு வைத்தன. மனந்தாலி அணை நிற்பது மாலி மண்ணில், ஆனால் சொந்தம் மூன்று பேருக்கும். கடனும் மூன்று பேருக்கும். 1989 இல் செனகலும் மொரித்தானியாவும் வெட்டுக்குத்து வரை போயும் அந்த அமைப்பு கலையவில்லை. ஆனால் வெள்ளம் வற்றிய ஈரத்தில் சோளம் விதைத்த ஆற்றங்கரைச் சனம் அணைக்குப் பிறகு அந்த விதைப்பை இழந்தது. நாடுகள் பங்கிட்டன, கமக்காரரைக் கேட்கவில்லை.

"இனி உலக யுத்தம் தண்ணிக்காகத்தான் வரும் என்கிறார்களே?" – கண்டாவளை

நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் இன்றைய ஈராக்கில் லகாஷ், உம்மா என்ற இரண்டு நகரங்கள் வாய்க்காலுக்கும் வயலுக்கும் சண்டை பிடித்தன. அதற்குப் பிறகு தண்ணிக்காக மட்டும் நாட்டோடு நாடு முழு யுத்தம் செய்தது இல்லையென்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் வன்னியில் இருக்கிறவனிடம் இதைக் கேட்கிறீர்கள். 2006 ஜூலையில் திருகோணமலைப் பக்கத்து மாவிலாற்றுத் துருசு பூட்டப்பட்டது. சில நாளில் விமானம் வந்தது. அதிலிருந்து 2009 மே வரை என்ன நடந்தது என்று கண்டாவளையில் யாருக்கும் நான் எழுதத் தேவையில்லை. யுத்தத்துக்குக் காரணம் வேறு, ஆயிரம் இருந்தன; தீக்குச்சி துருசாக இருந்தது. 2009 ஜனவரியில் கல்மடுக் குளக்கட்டு உடைக்கப்பட்டபோது தண்ணி இறங்கிய சத்தத்தைக் கேட்டவர்கள் உங்கட ஊரிலேயே இருப்பார்கள். முப்பது வருடம் கட்டைக் காத்தவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விவரிக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

"உங்கட அந்தப் பழைய அளவுக் கொப்பிகள் இப்போதும் இருக்கின்றனவா? பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பக்கம் தருவீர்களா?" – பள்ளிக்கூட அதிபர், வட்டக்கச்சி

இல்லை சேர். அலுவலகத்துக்குக் கொடுத்தது போக, எனக்கென்று எழுதி வைத்தது பத்தொன்பது கொப்பி. 2009 தை மாதம் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினேன். சுதந்திரபுரத்துக்கு அங்கால் பெட்டியையே விட்டுவிட்டு நடந்தோம்.

திரும்பி வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, காலமான எங்கட வட்டவிதானையின் மனுசி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. எப்போதோ அவர் இரவல் வாங்கியது. 1992 ஆம் வருடத்தது. முன்பக்கம் என் எழுத்தில் தேதியும் அடியும் அங்குலமும். பின்பக்கத்திலிருந்து திருப்பி அவ பால் கணக்கு எழுதியிருக்கிறா. யார் யார் எத்தனை போத்தல், யார் இன்னும் காசு தரவில்லை. நடுவில் இரண்டு கணக்கும் சந்திக்கிற இடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். பால் காசு தராதவர்களில் ஒருவர் இப்போது உங்கட பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறார், அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பமாட்டேன்.